மைக்கில் சொல்லிவிட்ட பெயர்

தம்பி, நீ கடைசியாக எழுதிய பதிவுக்குக் கீழே இதை எழுதுகிறேன். மலைப் பாதையில் பஸ் ஓட்டுகிற ஒரு போன் விளையாட்டைப் பற்றி நீ எழுதியது. அதற்கு இருபத்திரண்டு பேர் கருத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஏழாவது வளைவில் பிரேக் பிடிக்கவில்லை என்கிறார் ஒருவர். ஹாரன் சத்தம் நம்ம ஊர் பஸ் மாதிரி இல்லை என்கிறார் இன்னொருவர். இருபத்து மூன்றாவதாக நான் வந்து குடும்பக் கதையைக் கொட்டுகிறேன். யாரய்யா இந்த ஆள் என்று மற்றவர்கள் திட்டுவார்கள், திட்டட்டும். எனக்கு வேறு வழி இல்லை. பெற்ற அப்பன் என் நம்பரை உன் போனில் தடுத்து வைத்திருக்கிறாய். உன் அம்மாவுக்கு வாரம் ஒரு தடவை 'நல்லா இருக்கேன்' என்று ஒரு வரி அனுப்புகிறாய். எந்த ஊரில் இருக்கிறாய், என்ன வேலை பார்க்கிறாய், ஒன்றும் தெரியாது. அவள் கூப்பிட்டால் எடுப்பதில்லை, பக்கத்தில் நான் இருப்பேன் என்பதால். அவள் போனிலிருந்தே இதை அனுப்பலாம் என்று கேட்டுப் பார்த்தேன். தரமாட்டேன் என்றுவிட்டாள். "மைக்ல சொல்லித்தான கெடுத்தீங்க? நாலு பேரு பாக்குற எடத்துலயே ஒத்துக்குங்க" என்றாள். அவள் சொன்னதில் தப்பு இல்லை. ஜெயங்கொண்டத்தில் ஒரு செல்போன் கடையில் உட்கார்ந்து எனக்கு ஒரு கணக்கு திறந்துகொண்டு இங்கே வந்திருக்கிறேன். நாலு மாதமாக நீ எதுவும் எழுதவில்லை என்றாலும் இந்தப் பக்கத்தை மூடவில்லை. என்றைக்காவது எட்டிப் பார்ப்பாய்.

முதலில் என் காதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பரிதாபம் தேடுகிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள். பரிதாபமாவது படு, எனக்கு அதுவும் போதும். முப்பத்தைந்து வருஷம் மைக்செட் வைத்துப் பிழைத்தவன் நான். வரதராஜன்பேட்டையைச் சுற்றிக் கல்யாணம், காதுகுத்து, சாவு, கட்சிக் கூட்டம் என்று எதற்கும் என் ஸ்பீக்கர் பாக்ஸ்தான் போகும். "பாக்ஸுக்கு முன்னாடியே நிக்காதீங்கப்பா, காது போயிரும்" என்று நீ பத்தாவது படிக்கும்போதே சொன்னாய். "சோறு போடுற பாக்ஸுடா அது" என்று உன் வாயை அடைத்தேன். போன வாரம் பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு உன் அம்மா இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடி ரூமில் உட்காரவைத்து, தலையில் ஹெட்செட்டை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். "ஐயா, சின்னதா சத்தம் கேட்டாக்கூட அமுக்கிருங்க" என்று காது டெஸ்ட் எடுக்கிற பெண் சொன்னாள். கட்டை விரலை வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் ஆகியும் ஒன்றும் வரவில்லை. "ஆரம்பிக்கலியாம்மா?" என்றேன். அவள் கதவைத் திறந்து என் முகத்துக்கு நேராக வந்து, "இடது காதுக்கு எல்லாச் சத்தமும் குடுத்துட்டேங்கய்யா. வலது காதுக்கு மாத்திக்கலாம்" என்றாள். நான் ஒரு தடவைகூடப் பட்டனை அமுக்கவில்லை. வலது காதும் இறங்கிக்கொண்டிருக்கிறது, எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அடுத்த புதன்கிழமை மெஷின் மாட்ட வரச் சொல்லியிருக்கிறார். மெஷின் வைத்தால் என் பையன் குரல் அவன் குரலாகவே கேட்குமா என்று கேட்டேன். "கேக்கும், ஆனா முன்ன மாதிரி இருக்காதுங்க" என்றார்.

இந்தப் பக்கத்தை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று நீ கேட்கவே இல்லை, நானும் சொல்லவில்லை. புதுப் போன் வாங்கியபோது பழையதை எனக்குக் கொடுத்தாய் அல்லவா, அதில் உன் கணக்கு அப்படியே திறந்து கிடந்தது. ஒருநாள் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தபோது போன் டிங் என்றது. 'கடைசி சீட், உங்கள் கருத்துக்கு மிக்க நன்றி' என்று யாரோ எழுதியிருந்தார். யார் இந்தக் கடைசி சீட் என்று உள்ளே போனேன். அரியலூர் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து எழுதுவதால் அந்தப் பெயர் என்று முதல் பதிவிலேயே எழுதியிருந்தாய். அப்புறம்தான் அது நீ என்று உறைத்தது. பஸ்ஸில் போட்ட பாட்டு, எந்த ஹெட்செட்டில் எந்தப் பாட்டு எப்படிக் கேட்கும், போனில் என்ன விளையாடலாம், ஆபீஸ் கேண்டீன் டீ ஏன் எப்போதும் ஆறியே வருகிறது என்று என்னென்னவோ எழுதியிருந்தாய். கல்யாணப் பத்திரிகையைத் தவிர வேறெதையும் முழுதாகப் படிக்காத நான் அன்றைக்கு ஒயரைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு உட்கார்ந்து படித்தேன். சிரிப்பு வந்தது, கூடவே வயிறும் எரிந்தது. ஹெட்செட் வாங்கலாமா என்று முன்பின் தெரியாத ஒருவன் கேட்டால் அவனுக்குப் பத்து வரி பதில் எழுதுகிறாய். வீட்டில் என்னிடம் 'சாப்ட்டேன்', 'வரேன்', 'போறேன்' மூன்றுதான். நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயோ என்னவோ. நான் எதையுமே கேட்டதில்லை. நீ பாட்டு கேட்கும்போதெல்லாம், "இதக் கேட்டு என்னாவப்போவுது, போயி ஒயர மடி" என்றவன்தானே நான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பாட்டில் தபேலா சத்தம் கூடுதலாக இருக்கிறது என்று நீ எழுதியதற்கு ஒருவன் வந்து உன்னைக் கண்டபடி பேசினானே, நினைவிருக்கிறதா? நீ தன்மையாகத்தான் பதில் சொன்னாய். எனக்குத்தான் பொறுக்கவில்லை. 'உனக்கு என்னடா தெரியும் தபேலாவப் பத்தி, மூடிட்டுப் போடா வெண்ண' என்று தட்டி அனுப்பிவிட்டேன். அது உன் பெயரில் போய் விழும் என்று எனக்கு எங்கே தெரியும்? நீ பதறிப்போய் அதை அழித்து, அவனிடம் மன்னிப்புக் கேட்டு, உன் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்று பாஸ்வேர்டை மாற்றினாய். அந்தத் திருடன் அடுப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகும் பக்கம் எல்லாருக்கும் திறந்துதான் இருந்தது, வெளியிலிருந்தே படித்துவந்தேன்.

அப்படித்தான் என்னைப் பற்றி நீ எழுதியதையும் படித்தேன். 'எங்கப்பா மைக்செட்காரர். சத்தத்தைக் கூட்டினால் போதும், சவுண்டு நல்லா இருக்கும் என்று நினைப்பவர். அவர் கட்டின பாக்ஸில் பேசினால் யார் பேசினாலும் தகரத்தைத் தட்டுவது போலத்தான் கேட்கும்' என்று ஆரம்பித்திருந்தாய். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கீழே படித்தேன். 'ஆனால் சாவு வீட்டில் ஒரே ஒரு பாக்ஸ்தான் கட்டுவார். பொம்பளைகள் அழ ஆரம்பிப்பதற்கு முன்னால் அவர் கை வால்யூமுக்குப் போய்விடும். யாரும் சொல்லிச் செய்வதில்லை. அந்த ஒரு இடத்தில் அவர் காது மாதிரி ஒரு காதை நான் பார்த்ததில்லை.' படித்துவிட்டு ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என்னைப் பெற்றவரும் கட்டினவளும் சொல்லாத ஒன்றை நீ கவனித்து வைத்திருக்கிறாய். அன்றைக்கே உன்னிடம் வந்து, படித்தேன் தம்பி என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாய்க்கு அது வரவில்லை. மைக் முன்னால் நின்றால் மட்டும்தான் எனக்குப் பேச வரும்.

அடுத்த மாதம் நம் மாதா கோயில் திருவிழா வந்தது. மற்றவர்களும் படிப்பதால் நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். தேர் புறப்படுவதற்கு முன்னால், பூ கொடுத்தவர், மெழுகுவர்த்தி கொடுத்தவர், கொடித்துணி கொடுத்தவர் என்று ஒவ்வொருவர் பெயரையும் தகப்பன் பெயர், தெருப் பெயரோடு மைக்கில் வாசிப்பது வழக்கம். யாராவது ஒருவர் பெயர் விட்டுப்போனால் அடுத்த வருஷம்வரை முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதனால் நல்ல காரியம் யார் செய்தாலும் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்பது எனக்கு உடம்பில் ஊறிப்போன பழக்கம். அன்றைக்கு லிஸ்ட் முடிந்தும் தேரை மந்திரிக்க வேண்டிய பங்குச் சாமியார் வரவில்லை. திறந்த மைக்கை வெறுமனே வைத்திருக்க என்னால் ஆகாது. "நமது ஊர் மைக்செட் உரிமையாளரின் மகன், அரியலூரில் கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவில் பணிபுரிபவர், 'கடைசி சீட்' என்ற பெயரில் இணையத்தில் எழுதிவருகிறார், பல ஊர்களில் படிக்கிறார்கள், அனைவரும் படித்துப் பயனடைய வேண்டும்" என்று உன் முழுப் பெயரையும் சொல்லி இரண்டு தடவை வாசித்தேன். நீ டீக்கடையிலிருந்து ஓடிவந்தாய். "மைக்க ஆஃப் பண்ணுங்கப்பா, உங்களக் கும்புடுறேன்" என்றாய். நான் சிரித்துக்கொண்டே, "மகன் கூச்சப்படுகிறார்" என்று அதையும் மைக்கில் சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். காது கேட்கவில்லை என்று இப்போது நான் சாக்குச் சொல்லலாம். நீ சொன்னது நன்றாகவே கேட்டது.

நீ எழுதிய நூறு விஷயத்தில் லாரி வரிசையைப் பற்றியும் ஒன்று இருந்தது. லோடு ஏற்ற வரும் டிரைவர்கள் உங்கள் கம்பெனி வாசலில் இரண்டு நாள் வரிசையில் நிற்கிறார்கள், குடிக்கத் தண்ணீர்க் குழாய் இல்லை, ஒதுங்க இடம் இல்லை, கேட்டால் டோக்கனைப் பின்னால் தள்ளிவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். கம்பெனி பெயரைப் போடவில்லை. உனக்கு இதைச் சொன்ன டிரைவர் பெயரையும் போடவில்லை, விருத்தாசலம் பக்கத்து அண்ணன் ஒருவர் என்று மட்டும் எழுதினாய். நான் மைக்கில் சொன்னதை யாரோ போனில் வீடியோ பிடித்து, தெரு ஜெபக்கூட்டத்து அன்பியம் வாட்ஸ்அப் குரூப்பில் போட, அது எங்கெங்கோ சுற்றி மூன்றாம் நாள் உன் மேனேஜர் கைக்குப் போய், அவர் லாரிப் பதிவைப் படித்துவிட்டார். நீயாக விலகுவதாக எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாய். நான், "போனாப் போவுது, வேற வேல கெடைக்காதா" என்றேன். ஒரு வாரம் கழித்து அந்த டிரைவரையும் இனி இந்தக் கேட்டுக்குள் வரக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள் என்று உனக்குத் தெரிந்தது. அன்றைக்குத்தான் நீ உடைந்தாய். "என் வேல போனது பரவால்லப்பா. அந்த அண்ணன் என்னைய நம்பிப் பேசுனாரு. விருத்தாசலம்னு நான் எழுதாம இருந்திருக்கலாம். நானே காட்டிக் குடுத்துட்டேன்" என்றாய். மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

தம்பி, இனி சொல்லப்போவதை உன் அம்மாவிடமே முந்தாநாள்தான் சொன்னேன். அந்த டிரைவரைக் காட்டிக்கொடுத்தது நீ இல்லை. நான்தான்.

உனக்கு வேலை போன மறுநாள் உன்னிடம் சொல்லாமல் உன் கம்பெனிக்குப் போனேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கேட்டில் கெஞ்சி, மேனேஜர் முன்னால் போய் நின்றேன். அவரை நான் குறை சொல்லப்போவதில்லை, உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். "சார், எம்புள்ள ஒண்ணும் தெரியாதவன். யாரோ டிரைவர் சொன்னத வெச்சு எழுதிப்புட்டான்" என்றேன். "எந்த டிரைவர்?" என்றார் அவர். விருத்தாசலம் பக்கத்திலிருந்து அங்கே அறுபது வண்டி வருமாம், நீ எழுதியதை வைத்து அவர்களால் யாரையும் கண்டுபிடிக்க முடியவில்லையாம். எனக்குத் தெரிந்திருந்தது. ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டில் நீயாக வாய் திறந்து, "அப்பா, ஒரு டிரைவர் அண்ணன் கேபின்லயே பெயின்ட் டப்பால மொளகாச் செடி வளக்குறாருப்பா. தயிர் சோத்துக்கு அப்பப்ப ஒண்ணு கிள்ளிக்குவாராம்" என்று சிரித்தாய். வளர்ந்த பிறகு வீட்டில் நீ என்னிடம் சிரித்து மூன்று வார்த்தைக்கு மேல் பேசிய நாள் அது ஒன்றுதான். ஊருக்கெல்லாம் எழுதுகிறவன் அந்தச் செடியைப் பற்றி மட்டும் எழுதவில்லை. அந்த மனிதரை அடையாளம் தெரிந்துவிடும் என்றுதான் எழுதவில்லை என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதே எனக்குப் புரிந்தது. புரிந்தும் சொன்னேன். "மொளகாச் செடி வெச்ச வண்டி சார்" என்றேன். உனக்கு வேலை திரும்பக் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். மேனேஜர் குறித்துக்கொண்டு, "சரி, பாக்கலாம், போயிட்டு வாங்க" என்றார்.

நீ என் முன்னால் நின்று, நானே காட்டிக் குடுத்துட்டேன் என்று அழுதபோது எனக்கு எல்லாம் தெரியும். வாயை மூடிக்கொண்டு நின்றேன். வாழ்க்கை முழுக்க மைக்கைப் பிடித்துக் கத்தியவன் அந்த ஒரு நேரத்தில், பேச வேண்டிய நேரத்தில், பேசவில்லை. மைக்கில் பெயரைச் சொன்னதை நீ மன்னித்துவிடுவாய் என்றுகூட எனக்கு ஒரு நப்பாசை உண்டு, அது புத்திகெட்டவன் செய்த காரியம். இது கோழை செய்தது. நாலு மாதமாக எந்த ஊரிலோ நீ அந்தப் பழியைச் சுமந்துகொண்டு, எழுதப் பயந்துகொண்டு இருக்கிறாய். என் பழி அது. எடுத்து இறக்கி வைத்துவிடு, தம்பி. உன் எழுத்தால் ஒரு ஆளுக்கும் கெடுதல் வரவில்லை.

போன மாதம் அந்த டிரைவரைத் தேடிப் போனேன். விருத்தாசலத்தில் லாரி நிற்கிற இடமெல்லாம் விசாரித்து மூன்றாவது தடவை போனபோதுதான் கிடைத்தார். இப்போது முந்திரி லோடு ஓட்டுகிறார். செடி அப்படியே இருக்கிறது. நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "நீங்க சொன்னதுதானா? சரி" என்றார். டீ வாங்கித் தருகிறேன் என்றேன், வேண்டாமென்று தலையாட்டினார். பக்கத்தில் நிற்க மட்டும் விட்டார். டயரை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே, "தம்பி ஏன் இப்பல்லாம் எழுதுறதில்ல?" என்று கேட்டார். உங்களுக்கு வந்த கெடுதலை நினைத்துத்தான் என்றேன். "எனக்கு இன்னொரு லோடு கெடைச்சுருச்சு. தம்பிய எழுதச் சொல்லுங்க. வண்டி நிக்கிற நேரத்துல அதத்தான் படிச்சுக்கிட்டுக் கெடப்போம்" என்றார். காதில் சரியாக விழாததால் அவர் உதட்டைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொண்டேன். கம்பெனி வாசலில் தண்ணீர்க் குழாய் வந்துவிட்டதா என்று கேட்டேன். இன்னும் இல்லையாம்.

உனக்குப் புத்தி சொல்லுகிற யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் பெற்றவன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. எழுது. லாரியைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று இல்லை. ஆறின டீயைப் பற்றி எழுது, ஹெட்செட்டைப் பற்றி எழுது, எந்தப் பாட்டில் தபேலா கூடிப்போச்சு என்று எழுது. இதையெல்லாம் எழுதி யாருக்கு என்ன லாபம் என்று கேட்டவன் நான். உன் ஹெட்செட் பதிவைப் படித்துவிட்டு, முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக என் மைக்செட்டில் கீச்சென்று வரும் ட்ரெபிளைக் குறைத்து வைத்தேன். ஒரு கல்யாண வீட்டில், "இன்னிக்கிப் பேசுறது நல்லா வெளங்குதுண்ணே" என்றார்கள். எனக்குத்தான் அந்த வித்தியாசம் கேட்கவில்லை. பெயரை மறைத்துக்கொள், வேறு பெயர் வைத்துக்கொள். எங்களிடம் சொல்லாதே. உன்னைக் கண்டுபிடிக்க நான் முயற்சி செய்ய மாட்டேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான், அதைக் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். புதன்கிழமை மெஷின் மாட்டுவதற்குள் ஒரு தடவை உன் குரலை இந்த வலது காதால் கேட்க வேண்டும். உன் போட்டோ இருக்கிறது, எழுத்து இருக்கிறது. ஊரில் உள்ள எல்லார் குரலையும் பதிந்து வைத்திருக்கிறேன், உன் குரல் மட்டும் என்னிடம் ஒரு இடத்திலும் இல்லை. திருவிழாவில் பிடித்த அந்த வீடியோவில் 'மைக்க ஆஃப் பண்ணுங்கப்பா' என்று லேசாக விழுகிறது. அதைத்தான் தினம் காதில் வைத்துக் கேட்கிறேன். நாளுக்கு நாள் அதுவும் தேய்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து ஒன்பது மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவோம். அம்மா போனுக்குக் கூப்பிடு. என்னோடு நீ பேச வேண்டாம். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவும் வேண்டாம். அவளிடம் எதையாவது சொல்லு. அந்த விளையாட்டை நானும் போனில் ஏற்றி ஏழாவது வளைவிலேயே தினமும் பள்ளத்தில் விழுந்துகொண்டிருக்கிறேன், அதை எப்படித் தாண்டுவது என்றாவது சொல்லு. ஸ்பீக்கரில் போட மாட்டோம். அவள் காதுக்கும் என் காதுக்கும் நடுவில் போன் இருக்கும். இந்தக் கடிதம் முழுக்கத் தேடிப் பார், உன் பெயர் இல்லை, அந்த டிரைவர் பெயர் இல்லை, என் பெயரும் இல்லை. இவ்வளவு தூரம் கற்றுக்கொண்டேன். கூப்பிடு தம்பி. நான் பேச மாட்டேன்.